பியர் செரெசோல்

பியர் செரெசோல் (ஆகஸ்ட் 17, 1879 - அக்டோபர் 23, 1945) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த பொறியாளரும், ஆசிரியரும், கிறித்தவ அமைதிவாதியும் ஆவார். போராலும் இயற்கைச் சீற்றங்களாலும் வீடிழந்த மக்களுக்காகப் பிற நாட்டுத் தன்னார்வலர்கள் பயணம் செய்து வந்து, ஊதியம் பெறாமல் உடலுழைப்பு நல்கும் பன்னாட்டுப் பணிமுகாம் முறையைத் தோற்றுவித்தவர் என இவர் அறியப்படுகிறார். இவர் தொடங்கிய அமைப்பு பன்னாட்டுக் குடிமைச் சேவை (சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்) என்ற பெயரில் பல நாடுகளில் கிளைகளுடன் இயங்கி வருகிறது. 1934 ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் இந்தியாவின் பீகார் மாகாணத்தில் சிற்றூர்களை மீளக் கட்டும் பணியில் இவர் நேரடியாக ஈடுபட்டார்.

இளமையும் கல்வியும்

செரெசோல் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி பேசும் பகுதியிலுள்ள லோசான் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை பால் செரெசோல் சுவிஸ் கூட்டாட்சி அரசில் அமைச்சராகப் பணியாற்றி, 1873 ஆம் ஆண்டில் நாட்டின் குடியரசுத் தலைவர் பொறுப்பையும் வகித்தவர். சுவிஸ் படையிலும் உயர் அதிகாரியாக இருந்தவர். எனவே, பிற்காலத்தில் அரசின் படைத்துறைச் சட்டங்களை மீறிப் பலமுறை சிறை சென்ற செரெசோல், அரசையும் படையையும் வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். அவை இரண்டும் இவர் வளர்ந்த வீட்டிற்குள்ளேயே இருந்தன.

சூரிக்கில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் ஜெர்மனியின் கோட்டிங்கன், மியூனிக் ஆகிய நகரங்களில் கணிதமும் இயற்பியலும் கற்றார். கல்வித்துறையில் உயர்பதவி பெறக்கூடிய வாய்ப்பு இருந்தும் அதனை நாடவில்லை. 1909 ஆம் ஆண்டு அளவில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, அங்கும் ஹவாய்த் தீவுகளிலும் உடலுழைப்பு வேலைகளையும் ஆசிரியப் பணியையும் மாறிமாறிச் செய்தார். தொடர்ந்து ஜப்பானில் பொறியாளராகப் பணிபுரிந்தார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீண்ட இப்பயணம் முடிந்து, 1914 இல் முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் தாய்நாடு திரும்பினார்.

உழைக்காமல் கிடைத்த பணத்தை வைத்துக்கொள்வது தமக்குத் தகாது எனக் கருதி, மரபுரிமையாக வந்த செல்வத்தைச் சுவிஸ் அரசுக்கே அளித்துவிட்டார். வாழ்க்கைத் தேவைக்கு மீண்டும் பொறியாளர் வேலையில் சேர்ந்தார்.

படைத்துறை வரி மறுப்பு

சுவிட்சர்லாந்து போரில் நடுநிலை வகித்த நாடு. எனினும் அங்கு உடல்தகுதியுள்ள ஆண்கள் அனைவருக்கும் படைப்பயிற்சி கட்டாயமாக இருந்தது. ஏதேனும் காரணத்தால் படையில் சேராதவர்கள் அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு வரி செலுத்த வேண்டும். செரெசோல் படைச்சேவையிலிருந்து விலக்கு பெற்றிருந்தவர். ஆகவே துப்பாக்கி ஏந்தும் கட்டாயம் இவருக்கு இல்லை. வரியைச் செலுத்திவிட்டு அமைதியாக வாழ்ந்திருக்கலாம்.

1915 ஆம் ஆண்டில் ஜான் போத்ரா என்ற பள்ளி ஆசிரியர், இயேசுவின் போதனைக்கு முரணானது என்று கூறிப் படைச்சேவையை மறுத்துச் சிறையில் அடைக்கப்பட்டார். இந்நிகழ்ச்சி செரெசோலை ஆழமாகப் பாதித்தது. தம் நம்பிக்கைக்காக ஒருவர் சிறையிருக்கும்போது, அதே நம்பிக்கையுடைய தாம் பணம் கொடுத்து விலகிக்கொள்வது நேர்மையன்று என்று முடிவு செய்தார். படைத்துறை வரியைச் செலுத்த மறுத்தார். இதற்காக முதன்முறையாகச் சிறை சென்றார். வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த சிறைவாசங்களுக்கு இதுவே தொடக்கம்.

1917 இல் சூரிக் நகரின் பிரெஞ்சுத் தேவாலயத்தில் கூடியிருந்த சபையோர் முன் எழுந்து தம் நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவித்தார். ஞாயிறுதோறும் அன்பைப் போதிக்கும் திருச்சபை, போர் என்று வந்தவுடன் அரசின் பின்னால் ஒளிந்துகொள்கிறது என்பது இவருடைய குற்றச்சாட்டின் சாரம். திருச்சபையை விட்டு வெளியேறியவரின் குற்றச்சாட்டு அன்று இது. அதன் போதனையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்ட ஓர் உறுப்பினரின் குற்றச்சாட்டு ஆகும். அமைதிவாதிகள் பேச மட்டும் செய்கிறார்கள், நாட்டுக்காக எதையும் இழப்பதில்லை என்று அக்காலத்தில் கூறப்பட்ட எதிர்வாதத்தையும் செரெசோல் புறக்கணிக்கவில்லை. படைவீரன் தரும் அளவு உழைப்பையும் ஒழுங்கையும் இடர் ஏற்பையும் அமைதிவாதியும் தர வேண்டும் என்ற எண்ணம் இவருக்கு இக்காலத்திலேயே உருவாகியது.

பில்தோவன் மாநாடு

போர் முடிந்த பின் 1919 அக்டோபரில் நெதர்லாந்தின் பில்தோவன் என்ற ஊரில், போரில் எதிரெதிர் அணிகளில் இருந்த நாடுகளைச் சேர்ந்த கிறித்தவ அமைதிவாதிகள் கூடினர். பின்னாளில் பன்னாட்டு ஒப்புரவுத் தோழமை என்று அறியப்பட்ட இயக்கம் இக்கூட்டத்தில் உருவானது. செரெசோல் அதன் முதல் செயலாளரானார்.

1920 ஆம் ஆண்டு கோடையில் அதே இடத்தில் நடந்த இரண்டாவது மாநாட்டில் இறைவேண்டலும் விவாதமும் தீர்மானங்களும் நிறைய இருந்தன. அப்போது ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒருவர், தம் நாட்டுப் படை பிரான்சில் அழித்ததைத் தம் கைகளாலேயே திரும்பக் கட்ட விரும்புவதாகத் தெரிவித்தார். தீர்மானங்களில் சலிப்புற்றிருந்த செரெசோல் இக்கருத்தை உடனே பற்றிக்கொண்டார். போரின்போது வீடிழந்தோருக்கான துயர்துடைப்புப் பணியில் அனுபவம் பெற்றிருந்த ஹூபர்ட் பாரிஸ் என்ற ஆங்கிலேய குவேக்கர் இவருடன் இணைந்தார். இருவரும் பிரான்சில் பொருத்தமான ஊரைத் தேடத் தொடங்கினர். (குவேக்கர்கள் என்போர் நண்பர்களின் சமயக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். போரில் பங்கேற்பதை மறுக்கும் இப்பிரிவினர் துயர்துடைப்புப் பணிகளுக்குப் பெயர்பெற்றவர்கள்.)

எஸ்ன் பணிமுகாம்

தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் வெர்டனுக்கு அருகிலுள்ள எஸ்ன். 1916 இல் வெர்டன் போரின்போது கடும் சண்டை நடந்த 304 ஆம் எண் குன்றின் அடிவாரத்தில் இருந்த சிற்றூர் இது. போர் முடிந்தபோது வீடுகள் இடிபாடுகளாகக் கிடந்தன. வயல்கள் எறிகணைப் பள்ளங்களாலும் முள்கம்பிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் நிறைந்திருந்தன. ஊர் திரும்பிய சில குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளில் வாழ்ந்துவந்தன.

1920 நவம்பரில் ஒரு சிறு குழு அங்கு வந்து சேர்ந்தது. சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தனர். முதலில் தாங்கள் தங்குவதற்கான மரக்குடிலைக் கட்டிக்கொண்டு, பின்னர் ஊர்மக்களுக்கான மரவீடுகளைக் கட்டினர். இடிபாடுகளை அகற்றினர், பள்ளங்களை நிரப்பி நிலத்தைச் சமன்செய்தனர், சாலையைச் செப்பனிட்டனர். குளிர்காலம் முழுவதும் இப்பணி நடந்தது. யாருக்கும் ஊதியம் இல்லை.

ஊர்மக்களில் சிலர் இவர்களுடன் நட்புக் கொண்டனர். ஆனால் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், மகன்களையும் கணவர்களையும் இழந்திருந்த ஒரு வட்டாரத்தில் ஜெர்மானியர் சிலர் வந்து தங்கியிருப்பது எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை. ஜெர்மனி செலுத்த வேண்டிய போர் இழப்பீடு குறித்த பூசலும் அப்போது முற்றிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு வலுத்தது, அதிகாரிகளின் ஆதரவும் கிடைக்கவில்லை. ஜெர்மானியரை அனுப்பிவிட்டுப் பிறர் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அவ்வாறு செய்தால் வீடுகள் சில கூடுதலாக எழும், ஆனால் வந்த நோக்கம் அழிந்துவிடும் எனக் குழுவினர் கருதினர். 1921 ஏப்ரலில் முகாம் முழுமையாகக் கலைக்கப்பட்டது.

கட்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் எஸ்ன் முகாம் மிகச் சிறிய முயற்சியே. உதவி பெறுபவர் உதவியை விரும்ப வேண்டும், ஊராட்சியும் அரசும் முன்கூட்டியே இசைவு தர வேண்டும், குழுவுக்கு உறுதியான ஒழுங்கு வேண்டும் என்ற பாடங்களை இதிலிருந்து செரெசோல் கற்றுக்கொண்டார். அடுத்த முகாமுக்கு இவர் மூன்றாண்டுகள் காத்திருந்ததும், அதனை அயல்நாட்டில் அன்றித் தம் சொந்த மாநிலத்தில் தொடங்கியதும் இதனுடன் சேர்த்து நோக்கத்தக்கவை.

குடிமைச் சேவைக்கான மனு

படைச்சேவையை மனச்சான்றின் பேரில் மறுப்போருக்குச் சிறைக்குப் பதிலாகக் குடிமைச் சேவை வழங்க வேண்டும் என்று கோரும் மனு 1920களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் பரப்பப்பட்டது. செரெசோலும் இவருடைய நண்பர்களும் இதில் முன்னின்றனர். ஏறத்தாழ 40,000 பேர் கையொப்பமிட்டனர். நாடாளுமன்றம் 1924 இல் இதனை நிராகரித்தது.

சட்டம் வராவிட்டாலும் சேவையைத் தொடங்கிக் காட்டலாம் என்று இவர்கள் முடிவு செய்தனர். 1924 ஆகஸ்டில், வோ மாநிலத்தின் ஓர்மோன் பள்ளத்தாக்கிலுள்ள வெர்-லெக்லீஸ் என்ற மலையூரில் பனிச்சரிவு கொண்டுவந்து கொட்டியிருந்த மரங்களையும் கற்களையும் அகற்றும் பணி நடைபெற்றது. இதில் செரெசோலின் உடன்பிறந்தவரும் சுவிஸ் படையில் கர்னலாக இருந்தவருமான எர்னஸ்ட் செரெசோல் உதவினார் என்பது குறிப்பிடத்தக்கது. தம்பி படையை மறுத்துச் சிறை செல்பவர், அண்ணன் படை அதிகாரி. இருவரும் ஒரே முகாமில் மண்வெட்டியுடன் நின்றனர். முகாம்களின் அன்றாட ஒழுங்கு படைமுகாமை ஒத்திருந்ததற்கு எர்னஸ்டின் பங்கும் ஒரு காரணம் எனலாம்.

தொடர்ந்து 1926 இல் அல்மென்ஸ், 1927 இல் ஃபெல்டிஸ் ஆகிய சுவிஸ் மலையூர்களில் முகாம்கள் நடைபெற்றன. இக்காலத்தில் செரெசோல் லா ஷோ-டி-ஃபோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிவந்தார்.

முகாம்களின் நடைமுறை

செரெசோலின் பணிமுகாம்களில் சில விதிகள் படிப்படியாக நிலைபெற்றன. தன்னார்வலருக்கு உணவும் உறைவிடமும் கருவிகளும் வழங்கப்படும், கூலி கிடையாது. நாள் முழுவதும் வேலை. முகாம் தலைவரின் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும். பெண்களும் தொடக்கம் முதலே பங்கேற்றனர். ஆயினும் அவர்களுக்குப் பெரும்பாலும் சமையலும் துணி வெளுத்தலும் தைத்தலுமே ஒதுக்கப்பட்டன. இன்றைய கண்ணோட்டத்தில் இது ஒரு குறையாகவே தோன்றும்.

ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் வந்தால் உள்ளூர்க் கூலித் தொழிலாளர்களின் பிழைப்பு கெடும் அல்லவா என்ற கேள்வி எழுந்தது. எனவே, தன்னார்வலர் வராவிட்டால் பணமின்மையால் நடைபெறவே வாய்ப்பில்லாத வேலைகளை மட்டுமே ஏற்பது என்ற விதி கடைப்பிடிக்கப்பட்டது. அயலூருக்குச் சென்று வீடு கட்டித்தரும் எந்தக் குழுவும் இன்றளவும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

மற்றொரு விதி சமயம் பற்றியது. முயற்சி கிறித்தவ மாநாடு ஒன்றில் பிறந்ததாயினும், சேர விரும்புவோரின் நம்பிக்கையை எவரும் சோதிக்கக் கூடாது என்பதில் செரெசோல் உறுதியாக இருந்தார். கிறித்தவர், யூதர், இறைமறுப்பாளர், பொதுவுடைமையாளர் எவராயினும் வேலை செய்ய வரலாம். முகாமில் சமயப் பரப்புரைக்கும் கட்சிப் பரப்புரைக்கும் இடமில்லை. ஒப்புரவுத் தோழமையில் இருந்த நண்பர்கள் சிலருக்கு இது கிறித்துவின் பெயரை மறைப்பதாகப் பட்டது. செரெசோலின் கணக்கு வேறாக இருந்தது. பேச்சினால் பரப்பப்படும் சமயத்தின் மீது இவருக்கு நம்பிக்கை குறைந்துவிட்டிருந்தது.

லீக்டன்ஸ்டைன், 1928

1927 செப்டம்பர் 25 அன்று ரைன் ஆற்றின் கரை உடைந்து லீக்டன்ஸ்டைன் நாட்டின் தாழ்நிலப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பின் வயல்கள் மீது கற்களும் மணலும் சேறும் தடித்த அடுக்காகப் படிந்திருந்தன. மக்கள்தொகை மிகக் குறைந்த இச்சிறு நாடு, தன் ஆள்பலத்தைக் கொண்டு மட்டும் நிலத்தை மீட்க இயலாத நிலையில் இருந்தது. 1868 இலேயே படையைக் கலைத்துவிட்ட நாடு என்பதால் அழைப்பதற்குப் படைவீரரும் இல்லை.

1928 வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம் வரை நடந்த முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 700 தன்னார்வலர்கள் பங்கேற்றனர். குந்தாலியும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு கற்களை அகற்றி நிலத்தை மீண்டும் உழவுக்கு உரியதாக்கினர். எஸ்னில் ஒரு சிறு குழுவாக இருந்தது எட்டே ஆண்டுகளில் பல நூறு பேராக வளர்ந்திருந்தது. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே வண்டியைத் தள்ளினர், இம்முறை யாரும் அவர்களை வெளியேறச் சொல்லவில்லை. பன்னாட்டுக் குடிமைச் சேவை ஐரோப்பிய அளவில் அறியப்பட்டது இம்முகாமினால்தான்.

1930 இல் தென்மேற்குப் பிரான்சில் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின் லகார்ட் என்ற ஊரில் முகாம் அமைக்கப்பட்டது. எஸ்னில் மூடப்பட்ட கதவு பிரான்சில் இவ்வாறு மீண்டும் திறந்தது. 1931 இல் இயற்கைப் பேரிடரே இல்லாத ஓர் இடத்திற்குத் தன்னார்வலர்கள் சென்றனர். வேல்சிலுள்ள பிரின்மாவ்ர், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதால் பெரும்பாலோர் வேலையிழந்திருந்த ஊர். அங்குக் குப்பைமேட்டை அகற்றிப் பூங்காவும் நீச்சல் குளமும் அமைக்கும் பணியில் வேலையற்றிருந்த உள்ளூர்வாசிகளுடன் தன்னார்வலர்கள் சேர்ந்து உழைத்தனர். பிரித்தானியக் கிளையும் அவ்வாண்டில் தோன்றியது.

காந்தியுடன் தொடர்பு

வட்டமேசை மாநாடு முடிந்து இலண்டனிலிருந்து திரும்பிய மகாத்மா காந்தி, 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் எழுத்தாளர் ரொமேன் ரோலண்டின் இல்லத்தில் சில நாட்கள் தங்கினார். அப்போது லோசான் நகரில் காந்தி பேசிய கூட்டத்திற்குச் செரெசோல் தலைமை தாங்கினார். படையற்ற நாடு தன்னை எவ்வாறு காத்துக்கொள்ளும் என்பது போன்ற, செரெசோல் பல ஆண்டுகளாக எதிர்கொண்டுவந்த கேள்விகள் அப்பயணத்தில் காந்தியிடமும் கேட்கப்பட்டன.

பீகாரில் மறுகட்டமைப்பு (1934-1937)

1934 சனவரி 15 அன்று நேபாளத்தையும் வட பீகாரையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இரு நாடுகளிலும் சேர்த்துப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். முசாபர்பூர், மோதிகாரி, தர்பங்கா, முங்கேர் பகுதிகள் பெரும் சேதமடைந்தன. கங்கைச் சமவெளியின் மண் நீரில் ஊறியது, தளர்வானது. கடும் அதிர்வில் இத்தகைய மண் திரவம் போலாகிவிடும். அன்று பரந்த பகுதியில் நிலம் பிளந்து மணலும் நீரும் ஊற்றுகளாகப் பீறிட்டன. வயல்கள் மணலால் மூடப்பட்டன, கிணறுகள் தூர்ந்தன, ஆற்றுப்படுகைகள் மேடாயின. இதனால் நிலநடுக்கத்தில் தப்பிய ஊர்களும் அடுத்த மழைக்காலத்தில் வெள்ளத்தில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. இடிந்த இடத்திலேயே வீட்டைத் திரும்பக் கட்டுவதில் பயனில்லை, ஊரையே மேட்டு நிலத்திற்கு மாற்ற வேண்டும்.

துயர்துடைப்புப் பணிக்கென அமைக்கப்பட்ட பீகார் மத்திய நிவாரணக் குழுவுக்கு, பின்னாளில் இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவரான இராசேந்திர பிரசாத் தலைமை வகித்தார். காந்தி பீகாரில் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். தீண்டாமைப் பாவத்திற்குக் கிடைத்த தண்டனையே இந்நிலநடுக்கம் என்று அவர் கூறியதும், இரவீந்திரநாத் தாகூர் அதனை மறுத்ததும் இக்காலத்தில் நடந்தவையாகும்.

செரெசோல் 1934 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நிலைமையை ஆராய இந்தியாவுக்கு வந்து, காந்தியையும் இராசேந்திர பிரசாத்தையும் சந்தித்தார். முகாமுக்கு அழைப்பும் இசைவும் பெற்ற பின்னரே, அவ்வாண்டின் பிற்பகுதியில் சில தன்னார்வலர்களுடன் திரும்பினார். அப்போது இவருக்கு வயது 55. அடுத்த மூன்றாண்டுகளில் குளிர்காலங்களை ஒட்டி மீண்டும் மீண்டும் வந்து பணியாற்றினார். ஐரோப்பியத் தன்னார்வலர்களின் எண்ணிக்கை எக்காலத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்கதாகவே இருந்தது.

முசாபர்பூர் மாவட்டத்தில் வெள்ளத்திற்கு உள்ளாகும் சிற்றூர்களை உயர்ந்த நிலத்தில் புதிதாக அமைக்கும் வேலை இவர்களுக்குக் கிடைத்தது. முதலில் உருவான ஊருக்கு அமைதி ஊர் எனப் பொருள்படும் சாந்திபூர் என்ற பெயர் வழங்கப்பட்டது. நிலத்தை அளந்து மனைகளைப் பிரித்தல், கிணறு தோண்டுதல், மண் சுமந்து மேடமைத்தல், வீடு எழுப்புதல் ஆகியவற்றில் ஊர்மக்களும் ஐரோப்பியரும் சேர்ந்து ஈடுபட்டனர். செரெசோலின் பொறியியல் கல்விக்கும் இங்கு நேரடிப் பயன் இருந்தது.

வேலைக்கு ஆள் குறைவாக இருந்த லீக்டன்ஸ்டைன் அன்று பீகார். உள்ளூரில் கூலியாட்கள் ஏராளமாக இருக்க, ஒரு சில ஐரோப்பியர் கடல் கடந்து வந்து கூடை சுமப்பதனால் பொருளாதார ஆதாயம் ஏதுமில்லை. அவர்களுடைய கப்பல் கட்டணத்தில் பல வீடுகளைக் கட்டியிருக்கலாம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் வெள்ளையர் என்றால் ஆணையிடுபவர் என்று மட்டுமே பொருள் கொண்ட ஒரு நாட்டில், மண் சுமப்பது தாழ்ந்த சாதியாரின் வேலை என்று கருதப்பட்ட ஒரு சமூகத்தில், முன்னாள் சுவிஸ் குடியரசுத் தலைவரின் மகன் மண் கூடை தூக்கியது வீட்டுக்கணக்கில் அடங்காத செய்தியாக அமைந்தது. ஓர் ஆங்கிலேயத் தன்னார்வலரும் ஓர் இந்திய உழவரும் ஒரே வேலையைச் செய்வது எஸ்னில் ஜெர்மானியர் செய்த வேலைக்கு ஒப்பானது.

இந்திய அனுபவங்களைக் குறித்துச் செரெசோல் எழுதிய மடல்கள் இமயமலை நோக்கில் எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பில் நூலாக வெளிவந்தன. இக்காலத்தில்தான், 1936 இல், இவர் குவேக்கர் சபையில் முறைப்படி உறுப்பினரானார்.

இரண்டாம் உலகப் போரும் இறுதிக் காலமும்

செரெசோல் பீகாரில் இருந்தபோது ஐரோப்பாவில் நிலைமை மோசமடைந்தது. எசுப்பானிய உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உதவும் பணியில் 1937 முதல் ரோடோல்ஃபோ ஓல்ஜியாட்டி தலைமையில் பன்னாட்டுக் குடிமைச் சேவை ஈடுபட்டது.

போர் மீண்டும் தொடங்கியபோது அறுபது வயதான செரெசோல் தம் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. இரவில் விளக்குகளை மறைக்க வேண்டும் என்ற சுவிஸ் அரசின் இருட்டடிப்பு ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்துச் சிறை சென்றார். 1942 இல் உரிய அனுமதியின்றி எல்லையைக் கடந்து ஜெர்மனிக்குள் நுழைந்தார். ஜெர்மானிய மக்களிடம் நேரில் அமைதியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இவர் நோக்கம். கைது செய்யப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட இவருக்குத் தாய்நாட்டிலும் சிறைத்தண்டனை கிடைத்தது. 1944 இல் மீண்டும் அதே செயலைச் செய்து, மீண்டும் இரு நாட்டுச் சிறைகளிலும் இருந்தார். எல்லை மீறிய இப்பயணங்கள் இவருடைய நண்பர்களுக்கே விளங்காதவையாக இருந்தன. பணிமுகாம்களில் காணப்பட்ட முன்யோசனையும் அழைப்புக்குக் காத்திருக்கும் பொறுமையும் இவற்றில் இல்லை என்பது உண்மையே.

1941 இல் லீஸ் டாவிட் என்பவரை மணந்தார். சிறைவாசங்களால் உடல்நலம் குன்றிய நிலையில், லோசானுக்கு அருகிலுள்ள லுட்ரி பகுதியில் 1945 அக்டோபர் 23 அன்று காலமானார். ஐரோப்பாவில் போர் முடிந்து ஐந்தரை மாதங்களே ஆகியிருந்தன. இடிந்த நகரங்களில் பணிமுகாம்கள் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்த காலம் அது. இவருடைய நீண்டகாலத் தோழியும் லோசான் ஆசிரியையுமான எலேன் மொனாஸ்டியே போருக்குப் பின் பன்னாட்டுக் குடிமைச் சேவையின் தலைவராகப் பொறுப்பேற்றார். செரெசோலின் வாழ்க்கை வரலாற்றையும் அவர் எழுதினார். செரெசோல் பல்லாண்டுகள் எழுதிவந்த குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பட்ட நூலும் இவருடைய மறைவுக்குப் பின் வெளிவந்தது.

பின்னாளைய வளர்ச்சி

அமெரிக்கக் குவேக்கர்களின் சேவைக்குழு ஐரோப்பிய முகாம்களை முன்மாதிரியாகக் கொண்டு 1934 இல் பென்சில்வேனியா மாநிலத்தில் தன் முதல் பணிமுகாமை நடத்தியது. அடுத்த பல பத்தாண்டுகளில் பல திருச்சபைகளும் இம்முறையைத் தத்தம் போக்கில் மேற்கொண்டன. சபை உறுப்பினர்கள் விடுமுறையில் ஓரிரு வாரங்கள் பயணம் செய்து, நாட்டுப்புறத்தில் போதகருக்கான இல்லத்தையோ ஏழைக் குடும்பத்திற்கான வீட்டையோ கட்டித் திரும்பும் வழக்கம் பரவலானது. இவற்றுள் பல சமயப் பரப்புரையை நோக்கமாகக் கொண்டவை. அவ்வகையில் செரெசோலின் முகாம்களிலிருந்து வேறுபட்டவை.

இந்தியாவில் பன்னாட்டுக் குடிமைச் சேவையின் பணி விடுதலைக்குப் பின் மீண்டும் தொடங்கியது. 1950 இல் பிரிவினையால் இடம்பெயர்ந்தோர் குடியேறியிருந்த பரீதாபாத்தில் தன்னார்வலர்கள் பணியாற்றினர்.

சுவிட்சர்லாந்தில் செரெசோல் கோரிய மாற்றுக் குடிமைச் சேவைக்கான முன்மொழிவுகள் 1977, 1984 ஆகிய ஆண்டுகளில் பொதுவாக்கெடுப்புகளில் தோற்கடிக்கப்பட்டன. 1992 மே 17 அன்று நடந்த வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டிற்கும் மேலானோர் ஆதரித்ததையடுத்து அரசியலமைப்பு திருத்தப்பட்டது. குடிமைச் சேவைச் சட்டம் 1996 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செரெசோலின் நண்பர்கள் அளித்த மனு நிராகரிக்கப்பட்டு அப்போது 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. செரெசோல் செலுத்த மறுத்த படைத்துறை விலக்கு வரி அங்கு இன்றும் நடைமுறையில் உள்ளது.